ஓட்டப்பாதையும் மோட்டார் சைக்கிளும்: தொடக்கச் செலவு



யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே புறப்பட்டு, வேலணையைக் கடந்து, வாணர் பாலத்தின் மீதேறிப் புங்குடுதீவை அடைந்தால், தெரு சென்று முடியும் இடம் குறிகட்டுவான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கேதான் படகேற வேண்டும். வழியில் இருபுறமும் கடல். நடுவே நேர்கோடிட்டாற்போல் ஒரு தெரு. மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருக்கும் இளைஞனின் வலக்கை அவ்விடத்தில் தானாகவே முறுக்கத் தொடங்கும். அவ்வாசையை நான் குறைகூற வரவில்லை. அதே தெருவில்தான் மீன்காரர் சைக்கிளில் வருகிறார், மாடு குறுக்கிடுகிறது, கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. வேகத்தை விரும்புகிறவன் அதற்கென அமைந்த ஓட்டப்பாதையை நாட வேண்டும். அப்படி நாடுவதற்கு என்ன செலவாகும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஓட்டப்பாதையில் ஓட்டுவது என்றதும் பந்தயமென்று எண்ணிவிடலாகாது. எதிரே வண்டி வராத மூடிய பாதையில், திறமைக்கேற்பப் பிரிக்கப்பட்ட குழுவோடு, பதினைந்து இருபது நிமிடத் தவணைகளாக ஓட்டிப் பழகுவதும் உண்டு. பரிசு இல்லை, முந்தவேண்டிய கட்டாயமும் இல்லை. தொடங்குகிறவனுக்கு உகந்தது இதுவே.

வடபுலத்தில் நிரந்தரமான தார் ஓட்டப்பாதை எதுவுமில்லை. ஆகவே முதற்செலவு பயணச் செலவு. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்றுண்டு. அங்கே மோட்டார் ஓட்டங்கள் நடந்துள்ளன. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் ஓட்டமோ மண்பாதை ஓட்டம். அது வேறு கலை. சென்னையின் கதையும் விமானத்தளத்தில்தான் தொடங்குகிறது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் சோழவரத்தில் போர்க்காலத்து ஓடுபாதையிலேயே நெடுங்காலம் பந்தயம் நடத்தினர். பின்னர் 1990 அளவில் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் தமக்கென ஒரு பாதை அமைத்துக்கொண்டனர். நீளம் 3.7 கிலோமீற்றர், வளைவுகள் 12. பலாலி–சென்னை விமான சேவை 2022 டிசம்பரில் மீளத் தொடங்கியபின், நம் தீவுப்பகுதி இளைஞனுக்குக் களுத்துறையைவிட இருங்காட்டுக்கோட்டை வெகுதூரம் என்று சொல்வதற்கில்லை.

அடுத்தது வண்டி. பலரும் இங்கேதான் கையிருப்பு முழுவதையும் கொட்டுகிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீளத் தொடங்கும்வரை பழைய மோட்டார் சைக்கிள்கூடப் பொன்விலை விற்றது நினைவிருக்கும். எனினும் தொடங்குகிறவனுக்குப் பெரிய வண்டி தேவையே இல்லை. 150 அல்லது 200 சி.சி. வண்டி போதும். அதன் ரயர் விலை குறைவு; எடை குறைவாதலால் விழுந்தாலும் சேதம் குறைவு; வளைவில் செய்யும் பிழையை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பெரிய எஞ்சினோ பிழையை நேர்பாதையின் வேகத்தால் மறைத்துவிடும். ஓட்டுகிறவன் தான் தேர்ந்துவிட்டதாக நம்பிவிடுவான். இந்தியாவில் ஒரே வகை வண்டியை உற்பத்தியாளரே வழங்கி நடத்தும் போட்டிகளும் உண்டு. பயிற்சியோடு வண்டியையும் வாடகைக்குத் தரும் பள்ளிகளும் உண்டு. முதல் நாளுக்கு வாடகை வண்டியே சிறந்தது என்பது என் கருத்து.

இனி, பலரும் கணக்கில் சேர்க்காத செலவுக்கு வருவோம். அது உடை. தார்த்தரையில் ஒருவன் வழுக்கிச் செல்லும்போது பருத்திச் சட்டையோ ஜீன்ஸோ கணப்பொழுதில் கிழிந்துவிடும். அதன்பின் தேய்வது தோல். தடித்த மாட்டுத்தோலால் தைத்த முழு உடை அந்தத் தேய்வைத் தான் ஏற்றுக்கொள்கிறது. தோளிலும் முழங்கையிலும் முழங்காலிலும் அடிதாங்கும் தகடுகள், முதுகுக்குத் தனியே ஒரு காப்பு, மணிக்கட்டுக்கு மேல் ஏறும் கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முகம் முழுவதும் மறைக்கும் தலைக்கவசம்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒழுங்காக நடத்தப்படும் பாதையில் உள்ளே விடமாட்டார்கள். விடவும் கூடாது. இவையனைத்தும் சேர்ந்தால், இந்தியச் சந்தையில் ஒரு 150 சி.சி. வண்டியின் விலையிற் பாதியை எளிதில் தாண்டும். இறக்குமதிப் பொருளென்றால் வண்டியின் விலையையே விஞ்சும். உடையைப் பழையதாக வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கலாகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது.

கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் மாமா மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் அனுப்புவது நம் தீவுகளில் புதுமையல்ல. அப்பணத்தின் ஒரு பங்கை உடைக்கென்று ஒதுக்கும்படி மருமகன் கேட்டால், மாமா மகிழவே செய்வார். சுவிட்சர்லாந்தில் இருப்பவரிடம் கேட்டால் இன்னுமொரு கதை சொல்வார்: 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 80க்கு மேற்பட்டோர் மாண்டபின், அந்நாடு வட்டப்பாதைப் பந்தயங்களைப் பல பத்தாண்டுகள் தடைசெய்திருந்தது. பணக்கார நாட்டு இளைஞனும் எல்லை தாண்டித்தான் ஓட்டப் போனான்.

சொந்த வண்டியைக் கொண்டுபோவதாயின் இறங்குதுறைக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படகுக்குப் போகிறவர்கள் கரையில் நிறுத்திவைக்கும் வண்டியை உப்புக்காற்று நாள்தோறும் அரிக்கிறது. சங்கிலி, பிறேக் பிஸ்ரன், மரையாணிகள் யாவும் அதற்கு இரை. தெருவில் தாக்குப்பிடிக்கும் பிறேக், ஓட்டப்பாதையின் சூட்டில் கைவிட்டுவிடலாம். பிறேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறிய எண்ணெய் விரைவில் கொதிக்கும். கொதித்தால் பிடி தொய்ந்துவிடும். புதிய எண்ணெயின் விலை அற்பம். ரயர் செலவு அப்படியன்று. தெருவில் ஓராண்டுக்கு மேல் உழைக்கும் ரயர், ஓட்டப்பாதையில் சில நாட்களிலேயே ஓரங்களில் தேய்ந்துவிடும்.

நுழைவுக் கட்டணம் அதிகமென்று முணுமுணுப்போர் உண்டு. அப்பணம் கொடிகாட்டுவோருக்கும், மருத்துவருக்கும், ஆயத்தமாய் நிற்கும் அம்புலன்சுக்கும் போகிறது. அவையெல்லாம் இருந்தும் 2023 ஆகஸ்டில் சென்னைப் பாதையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். 2024 ஏப்ரலில் பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று விலகி, பாதையோரம் நின்றோர் மீது பாய்ந்ததில் 7 பேர் மாண்டனர். மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்களோ பந்தயத்தையும் வேகப் பரீட்சையையும் பொதுவாக விலக்கியே வைக்கின்றன. ஆதலால் விபத்துக் காப்புறுதி தனியே வேண்டும். அதுவும் செலவுக் கணக்கில் சேரட்டும். தாம்போதியில் விழுகிறவனுக்குக் கட்டணமில்லை, கொடிகாட்டுவோருமில்லை. குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் தலைக்கவசமும் கையுறையும் காலணியும், அவை தெருவிலும் நாள்தோறும் பயன்படும். அடுத்து ஒருநாள் பயிற்சிக் கட்டணம், வாடகை வண்டி, வாடகை உடை. அந்த ஒரு நாளுக்குப் பிறகும் ஆசை குறையாதவன் சொந்த உடை தைப்பிக்கட்டும். வண்டி கடைசி. அனுமதிப்பத்திரம், மருத்துவச் சான்று முதலியவற்றை முன்கூட்டியே எழுதி விசாரித்துக்கொள்க. பலாலியில் விமானம் ஏறும்போது தலைக்கவசத்தைப் பொதியோடு அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுதல் நன்று; பொதிகள் எப்படி எறியப்படுகின்றன என்பதை நாம் உள்ளே போய்ப் பார்க்க முடியாதல்லவா?