திரைவழிக் கூட்டமும் நமது கவனமும்



கூட்டம் என்றாற் பலர் ஓரிடத்திற் கூடுவது என்றே நெடுங்காலம் கருதி வந்தோம். 2020ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்று உலகத்தை வீட்டுக்குள் அடைத்தபோது அக்கருத்து மாறிற்று. சூம் என்னும் செயலிவழிக் கூட்டங்களிற் பங்குபற்றியோர் தொகை 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி. 2020 ஏப்பிரலிலோ 30 கோடி. தொற்றுத் தணிந்த பின்னும் வழக்கம் நிலைத்துவிட்டது. படிப்பு முடிந்ததும் நம்மிற் பலர் இக்கூட்டங்களில் அமரப்போகின்றவர்களே. ஆதலால் இதனைச் சிறிது ஆராய்வோம்.

திரையில் முகம் இருக்கிறது. மனம் அங்கே இருக்கிறதா? மைக்ரோசொவ்ற் நிறுவன ஊழியரின் கூட்டங்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு ஏறக்குறைய 30 கூட்டங்களில் மின்னஞ்சல் வேலையும் உடன் நடந்ததெனக் கண்டது. கூட்டம் நீளவும் ஆள்தொகை பெருகவும் இவ்வழக்கம் மிகுந்தது.

இதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. இக்கூட்டங்கள் தரும் களைப்புக்கு ஸ்ரான்போர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் அவ்வாண்டிலேயே நான்கு காரணங்கள் கூறினார். பல கண்கள் மிக அண்மையில் நின்று ஓயாது நோக்குவது போன்ற தோற்றம் ஒன்று. முகக்குறிப்புகளை வலிந்து காட்டவும் அறியவும் வேண்டிய உழைப்பு இரண்டு. தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருத்தல் மூன்று. உடலசையாது ஒரே இடத்தில் இருத்தல் நான்கு.

அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில் 103 ஊழியர் நான்கு வாரம் பங்குபற்றினர். கமராவைத் திறந்துவைத்தபோது களைப்பு மிகுந்தது. களைத்தவரிடம் பேச்சும் ஈடுபாடும் குறைந்தன. பெண்களையும் புதிதாக வேலையிற் சேர்ந்தோரையும் அது கூடுதலாக வருத்திற்று. புதிதாகச் சேர்வோர் யார்? நாளை நாமே அல்லவா?

கமராவைத் திறப்பித்தாற் கவனமும் வந்துவிடும் என எண்ணும் அதிகாரிகள் இதனைச் சிந்திக்க வேண்டும். நாள் முழுவதும் கமராவைத் திறந்துவைக்க மறுத்த ஊழியர் ஒருவரை வேலையினின்று நீக்கியது முறையற்றதென நெதர்லாந்து நீதிமன்றமொன்று 2022இல் தீர்ப்பளித்தது.

ஆகவே கூட்டத்தை அழைப்பவர், வேண்டியவரை மட்டும் அழைக்கட்டும். பொருளை முன்னரே அறிவிக்கட்டும். குறித்த நேரத்தில் முடிக்கட்டும். பேசாதிருப்பவரையும் பெயர் சொல்லிக் கருத்துக் கேட்கட்டும். நாமும் ஒருவர் பேசும்போது மற்றை வேலைகளை ஒதுக்கிவைத்துச் செவிகொடுப்போம். களைத்தபோது அதனை மறைத்து நடிக்காமற் பணிவுடன் எடுத்துரைப்போம். எதிரே இருப்பவருக்குச் செய்யும் மரியாதையைத் திரைக்கு அப்பால் இருப்பவருக்கும் செய்யப் பழகிக்கொள்வோமாக.