கதவு பூட்டினால்தான் ரயில் கிளம்பும்

கொல்கத்தா மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில், ஹவுரா மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ரயில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டர் ஓடுகிறது. 2024 மார்ச்சில் அந்தப் பகுதி திறந்தபோது எல்லோரும் ஆற்றைப் பற்றியே பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை நடைமேடை ஓரத்துக் கதவுகள். ரயில் சரியான இடத்தில் நின்றால்தான் அவை திறக்கும். எல்லாக் கதவும் பூட்டியாயிற்று என்ற செய்தி வந்தால்தான் ரயில் கிளம்பும்.

இப்படி அனுமதி கொடுக்கும் வேலையைத் தொழிற்சாலைகளில் சேஃப்டி கன்ட்ரோலர்கள் செய்கின்றன. பல கருவிகளில் இரண்டு செயலிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். விடை மாறினால் மின்னிணைப்பு துண்டிக்கப்படும், இயந்திரம் நிற்கும்.

ஷிப்டு நடுவே அப்படி நின்றுவிட்டால் எல்லோர் முகத்திலும் எரிச்சல். "கன்ட்ரோலர் போச்சு, மாத்துங்க" என்பார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது. முதலில் கன்ட்ரோலரின் நிலை விளக்கைப் பாருங்கள். பல கருவிகளில் பச்சை நிலையாக எரிந்தால் ஓட்டத்தில் இருக்கிறது. பச்சை மின்னினால் காத்திருக்கிறது. ஓடச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. சிவப்பு மின்னினால் சரிசெய்யக்கூடிய கோளாறு. சிவப்பு நிலைத்து நின்றால்தான் கருவியையே சந்தேகிக்க வேண்டும்.

மின்சாரம் போய் வந்தபின் ஓட்ட நிலைக்குத் திரும்பாமல் காத்திருப்பது அடிக்கடி நடப்பது. தானாகத் தொடங்கும்படி அமைத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, பழுதான பகுதியை மாற்றிவிட்டு, நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணைப் பழையபடி வைக்க மறப்பது. பதிவான அமைப்பும் எதிரே இருக்கும் கருவியும் பொருந்தாததால் கன்ட்ரோலர் ஓட மறுக்கும்.

கதவு சுவிட்சில் இரண்டு தொடர்புகள் இருக்கும். ஒன்று மூடி, மற்றது குறித்த நேரத்துக்குள் மூடாவிட்டால் பிழை பதிவாகும். அங்கே தேட வேண்டியது தேய்ந்த கீல், தளர்ந்த திருகு, தூசி. ரீசெட் பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியே வைத்திருப்பவர்களும் உண்டு. முறையாக அமைத்த கருவி அதை ஏற்காது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால்தான் ரீசெட் ஆகும்.

இதில் எதற்கும் பொறுமையில்லாதவர்கள் எடுப்பது ஜம்பர் கம்பி. சுவிட்சின் ஒவ்வொரு தொடர்பிலும் இரு முனையையும் இணைத்துவிட்டால் கதவு திறந்தே கிடந்தாலும் மூடியதாகக் கருவி நம்பும். உற்பத்தி ஓடும், கை போகும்.

உணரி சொல்வதற்கு மேல் கன்ட்ரோலருக்கு எதுவும் தெரியாது. 2019 ஜூலை 13, சனிக்கிழமை மாலை, கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயிலேற முயன்ற முதியவர் ஒருவரின் கை கதவில் சிக்கியது. ரயில் நகர்ந்தது, அவர் உயிரிழந்தார். 1984-இல் ஓடத் தொடங்கிய அந்தப் பழைய வழித்தடத்தில் நடைமேடைக் கதவுகள் அப்போது இல்லை. ரயில் கதவுகளின் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் மூடியதாகவே எடுத்துக்கொள்ளும்படிதான் உணரிகளைப் பொதுவாக அமைக்கிறார்கள். மெல்லிய விரலோ துப்பட்டா நுனியோ அவற்றுக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் கருவி சரியாக ஓடும் இடத்திலும் கதவைக் கண்ணால் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

ஆலைகளில் வேலை செய்யும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுது பார்க்க ஜம்பர் கம்பியால் பைபாஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இயந்திரத்தில் எச்சரிக்கை அட்டை மாட்டுங்கள். அடுத்த ஷிப்டு வருவதற்குள் அந்தக் கம்பியைக் கழற்றி, கதவை ஒருமுறை திறந்து பார்த்து, இயந்திரம் நிற்கிறதா என்று சோதித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.