ரிலீஸ் ஆன மறுநாள்



சென்னையில் புழல் பக்கம் போகிறவர்கள் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடு சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்துவது. வேலூரிலும் கோவையிலும்கூட உண்டு. "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று மீட்டரைக் காட்டி வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவர், ஒரு தண்டனைக் கைதி. நாம் நீட்டும் ஐந்நூறு ரூபாயை வாங்கி மீதியை எண்ணிக் கொடுப்பவரும் அவரே. 2023இல் பெண் சிறைவாசிகள் நடத்தும் பங்க்கும் புழல் அருகே திறந்தது.

பக்கத்திலேயே பஸ் ஓடும் சாலை. கை நிறையப் பணம். வேலை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர்கள் சிறைக்குத் திரும்புகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் தண்டனை முடிந்து ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைவந்த தொழில் இதுதானே என்று உள்ளூர் பங்க்கில் வேலை கேட்கிறார். "இத்தனை வருஷம் எங்கேப்பா இருந்தே?" பேச்சு அதோடு சரி. நேற்றுவரை அரசாங்கமே பணப்பையை நம்பிக் கொடுத்த மனிதர், விடுதலையானதும் நம்பக்கூடாதவர் ஆகிவிடுகிறார். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்த எண்ணெய் நிறுவனமே தன் டீலர்களிடம் இவருக்காக ஒரு வார்த்தை சொல்லலாம். விடுதலைக்குச் சில மாதம் முன்பே நன்னடத்தை அலுவலர் அவர் ஊருக்குப் போய், வீட்டாரையும் வேலை தரக்கூடியவர்களையும் பார்த்துப் பேசலாம். ரிலீஸ் ஆன பிறகு தேட ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும்.

இவராவது ஒரு தொழில் கற்று வந்தவர். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்! வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடும். ஆட்டோ ஓட்டியவர் என்றால், டியூ கட்டாத வண்டியை ஃபைனான்ஸ்காரர் எடுத்துப் போயிருப்பார். வீட்டு அட்வான்ஸ் வாடகையிலேயே கழிந்திருக்கும். பிறகு நிரபராதி என்றே தீர்ப்பு வந்தாலும், அவர் எங்கே போய் நிற்பார்?

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உண்டு. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேட்ட ஜாமீன் பத்தாயிரம் ரூபாய். ஜாமீன் நிற்க வந்த சொந்தச் சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவை மாற்றி, ஆயிரம் ரூபாய்க்கு அவரே எழுதித் தரும் பிணைப் பத்திரம் போதும் என்றார். 1948இல் தாமே சிறைக்குள் இருந்து பார்த்தவர் கிருஷ்ணய்யர். அந்த அனுபவம் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத ஏழைகளுக்கு, சில வகை வழக்குகள் தவிர, பண உதவி தரும் மத்திய அரசுத் திட்டம் 2023இல் வந்தது; அப்போது உச்சவரம்பு 40,000 ரூபாய். தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாதவர்களுக்கு அது 25,000. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. முன்பு தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், பிணையில் விடுவிக்கக் கோரி சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

சட்டம் இருப்பது உள்ளே இருப்பவருக்கும் தெரிவதில்லை, மனு போட்டுப் பார்க்க வரும் தாய்க்கும் தெரிவதில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், 15100 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் அது. கைதியின் பெயர், எந்தச் சிறை, வழக்கு எண், கைதான தேதி, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர்கள் என்றால், நீங்கள் எழுதிக் கொடுங்கள்.