சந்தையும் கல்லாவும் ஒரே கையில்

(பொருளாதார மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரை)



ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டுவோர் பெரும்பாலும் இலாப நட்டக் கணக்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் முதலில் படிப்பது அதன் தொழிலுக்கு நேரக்கூடிய இடர்களைப் பற்றிய பகுதியை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் இவற்றைத் தாமே எழுதி வெளியிடக் கடமைப்பட்டவை. இணையச் சந்தையையும் பணப் பரிமாற்றத்தையும் பல ஆண்டுகள் ஒருங்கே நடத்திய ஈபே நிறுவனத்தை இன்று எடுத்துக்கொள்வோம்.

1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய இந்தச் சந்தையில் நிறுவனத்தின் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. முன்பின் அறியாத இருவரைச் சந்திக்க வைத்துக் கட்டணம் பெறுவதே அதன் தொழில். பொருளைக் காணாமல் பணம் அனுப்ப ஒருவர் அஞ்சுகிறார். பணத்தைக் காணாமல் பொருளை அனுப்ப மற்றவர் அஞ்சுகிறார். இந்த அச்சத்தைப் போக்கப் பேபால் என்னும் பணப் பரிமாற்ற நிறுவனம் உதவியது. 2002-இல் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புக்கு ஈபே அதை வாங்கியது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அச்சம் மறைந்துவிடவில்லை, இருவரிடமிருந்தும் நிறுவனத்தின் தோளுக்கு மாறியது. பொருள் வந்து சேரவில்லை என்றால், வாங்கியவர் தம் கடன் அட்டை வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பப் பெறலாம். அந்த வங்கி பேபாலிடம் வசூலிக்கும். பேபாலோ விற்றவரைத் தேட வேண்டும். அதற்குள் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்திருப்பார். எனவே ஐயத்துக்கு இடமான கணக்குகளை முடக்குவதும், விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதும் வழக்கமாயின. வங்கித் துறையில் இருப்பவர்கள் இதைக் கடன் இடர் என்று உடனே இனம் காண்பார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரும் வணிகர் இரண்டு வாரம் பொறுத்திருப்பார். அடுத்த சரக்குக்கு முதல் போட இந்தப் பணத்தையே நம்பியிருக்கும் நேர்மையான சிறு விற்பனையாளரோ தவறு செய்யாமலே தண்டனை அனுபவிக்கிறார். மோசடியைத் தளர விட்டால் வாங்குபவர் விலகுவார். இறுக்கிப் பிடித்தால் விற்பவர் விலகுவார்.

விலகியவர்கள் போவதற்கு வேறிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சீனா காட்டியது. அங்கு ஈச்நெட் நிறுவனத்தை வாங்கி ஈபே நுழைந்தது. 2003-இல் அலிபாபா தொடங்கிய தாவ்பாவ் விற்பனையாளரிடம் கட்டணம் கேட்கவில்லை. அதன் அலிபே, பொருள் கைக்கு வந்துவிட்டது என்று வாங்கியவர் ஒப்புக்கொள்ளும்வரை பணத்தை நடுவில் நிறுத்தி வைத்தது. 2006 இறுதியில் ஈபே தன் சீனத் தளத்தை உள்ளூர் நிறுவனம் ஒன்றுடனான கூட்டு முயற்சியிடம் விட்டு ஒதுங்கியது.

அடுத்தது சட்டம். போலிப் பொருள்கள் விற்கப்பட்டதற்காக 2008-இல் பாரிஸ் வணிக நீதிமன்றம் ஈபேயின் மீது ஏறத்தாழ 4 கோடி யூரோ இழப்பீடு சுமத்தியது. மேல்முறையீட்டில் தொகை பெரிதும் குறைந்தது. ஏறத்தாழ அதே வகையான வழக்கில், வணிகச் சின்னத்தை மீறிய பொறுப்பு ஈபேக்கு இல்லை என்று 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஒரே சந்தை, ஒரே நடைமுறை. நாட்டுக்கு நாடு தீர்ப்பு வேறு.

நம் நாட்டின் அனுபவமும் உண்டு. 2004-இல் ஈபே இங்கு பாஸி.காம் தளத்தை வாங்கியது. அவ்வாண்டு டிசம்பரில், யாரோ ஒருவர் அத்தளத்தில் விற்பனைக்கு வைத்த ஆபாசப் பதிவுக்காக அதன் தலைமை நிர்வாகி கைது செய்யப்பட்டார். உரிய கவனத்துடன் நடக்கும் இடைநிலையாளருக்குப் பாதுகாப்பளிக்கும் வகையில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு 2008-இல் திருத்தப்பட்டது. பின்னர் 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிர்வாகி மீதான வழக்கை ரத்து செய்தது.

அந்நியச் செலாவணி வழியாகவும் இடர் வந்தது. 2010 பிப்ரவரியில் இந்தியாவுக்கான தனிநபர் பணப் பரிமாற்றங்களைப் பேபால் நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு முதல் ஏற்றுமதி வரவு ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. இது பிறகு உயர்த்தப்பட்டது. கண்காணிப்பு வேண்டாமென்று சொல்பவன் அல்லன் நான். அதே துறைகளில் காலம் கழித்தவன். ஆயினும் நம் கோப்பில் எழுதும் ஒரு வரி, அயல்நாட்டில் துணி விற்ற ஒருவரின் மாத வருமானத்தை நிறுத்தக்கூடும் என்பதை எழுதும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

2015 ஜூலையில் ஈபேயும் பேபாலும் தனித்தனி நிறுவனங்களாயின. நம் ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய பிரிவினையையே விதியாக்கின. பிற வணிகர்களுக்காகப் பணம் திரட்டித் தரும் சந்தை நிறுவனம், அந்தப் பணியைச் சந்தைத் தொழிலிலிருந்து பிரித்துத் தனி அனுமதி பெற வேண்டும். வணிகர்களுக்குச் சேர வேண்டிய தொகையை வணிக வங்கியொன்றில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நிறுவனங்களுக்கு இது கூடுதல் செலவுதான். விற்பனையாளருக்கோ, நாளை சந்தை நொடித்துப் போனாலும் அவருடைய பணம் சந்தையின் கடன்காரர்கள் கைக்குப் போகாது.