வெறும் வயிற்றில் வரும் மயக்கம்



குடும்ப நலக் கூட்டம் என்றால் கருத்தடை, தடுப்பூசி, பிரசவம் இவைதான் பேச்சு என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையெல்லாம் நர்சம்மா மத்தியானம் சொல்வார். நான் இன்றைக்கு ஓர் அபூர்வமான நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்கோ, போனால் நாலு பேருக்கோதான் புதிதாக வரும். "அப்படிப்பட்ட சீக்கைப் பத்தி எங்ககிட்ட எதுக்கு டாக்டரம்மா?" என்று கேட்பீர்கள். இந்த நோய் முதலில் தெரிவது டாக்டர் கண்ணுக்கு அல்ல. ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்கும் கணவன் கண்ணுக்கோ மனைவி கண்ணுக்கோதான் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு 38 வயது. நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். இரண்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்ததும் ஒரு மாதிரி ஆகிவிடுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆனால் ஆள் அடையாளம் தெரியாது. சம்பந்தம் இல்லாமல் பேசுவார். உடம்பெல்லாம் தெப்பமாக வியர்க்கும், கை நடுங்கும். ஒருநாள் வாசல் தெளிக்கப் போனவர் சாணித் தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு சிரித்தாராம். பிறகு கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடும்.

ஊர் சும்மா இருக்குமா? "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்று கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். உடுக்கை அடித்து, வேப்பிலை அடித்து, கடைசியில் ஒரு சொம்புப் பானகம் குடிக்கக் கொடுப்பாராம். குடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அந்த அம்மா தெளிந்து, "என்னை ஏன் இங்க கூட்டியாந்தீங்க?" என்று கேட்பார். பேய் போய்விட்டது என்று காணிக்கை வைத்துவிட்டு வருவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வரும். பானகத்தில் கரைந்திருந்த வெல்லத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

டவுனில் ஒரு டாக்டர் வலிப்பு என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் சாப்பிட்டும் நின்றபாடில்லை. அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, இட்லியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். அப்போது ஆள் தெளிவாக இருக்கிறார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரையும் சரியாக இருக்கிறது.

பிறகு என்ன, தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் அதிசயம். பெற்ற தாய் இரவு படுக்கும்போது ஒரு டம்ளர் பால் கொடுப்பார். கோழி கூவும் முன்னே எழுப்பிக் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார். இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. உடனே மாமியார், "எங்க வீட்டு வேலைன்னா பேய் வருது, அம்மா வீட்டுச் சோறுன்னா ஓடிப்போயிருதோ?" என்று ஆரம்பித்தார். நடிப்பு என்று பெயர் வைத்தார்கள். மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்தது.

அந்தக் கணவர் ஏழாவது வரைக்கும் படித்தவர். "அங்கிட்டுப் போனா நல்லா இருக்கா, இங்கிட்டு வந்தா ஆவுது. ரெண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்ப்போம்" என்று மனைவியைத் திரும்பக் கூட்டி வந்தார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தார். கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு, மயக்கம் வந்தது எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தோம், எப்போது தெளிந்தது. பதினேழு தடவை எழுதியிருந்தார். பதினாறு தடவை விடியற்காலை வெறும் வயிறு. மீதி ஒன்று, களையெடுத்துவிட்டு மத்தியானச் சோறு தாமதமான நாள். ஒவ்வொரு தடவையும் இனிப்பு உள்ளே போனதும் தெளிவு. அந்த நோட்டைத்தான் என் மேஜைமேல் வைத்தார். அதற்குள் பாதி நோய் கண்டுபிடித்தாகிவிட்டது.

அன்று இரவு அந்த அம்மாவை எங்கள் நிலையத்திலேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பேச்சு குழறியது. அப்போதே விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 36. கை நரம்பிலிருந்தும் இரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு குளுகோஸ் ஏற்றினோம். ஊசி இருக்கும்போதே கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்து, "ஏங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா?" என்றார்.

இது எதனால் வருகிறது? வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறோமே, அந்த இன்சுலின் இயற்கையாக அங்கேதான் ஊறுகிறது. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உடம்புக்குப் பாய்ச்சுவது அதன் வேலை. வயிறு காலியானதும் இன்சுலின் குறைந்துவிட வேண்டும். ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடும். கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் அணுக்களில் சில கட்டியாக வளர்ந்துவிட்டால், அந்தக் கட்டிக்கு நிறுத்தத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடுகிற பம்ப்செட் மாதிரி, இராத்திரி முழுக்க இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும். மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகும். புத்தி தடுமாறுவதும், சில பேருக்கு வலிப்பே வருவதும் அதனால்தான். இதற்கு இன்சுலினோமா என்று பெயர். குடலிலும் கணையத்திலும் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகள் என்ற குடும்பத்தில் இது ஒரு பிள்ளை.

இன்சுலினை 1921-ல் கனடா நாட்டில் டொரன்டோ நகரத்தில் கண்டுபிடித்தார்கள். அதே நகரத்தில் 1929-ல் ராஸ்கோ கிரஹாம் என்ற சர்ஜன் இப்படிப்பட்ட கட்டியை எடுத்து ஒரு நோயாளியைக் குணப்படுத்தினார். பிறகு அமெரிக்காவில் விப்பிள் என்ற சர்ஜன் மூன்று அடையாளம் வகுத்துக் கொடுத்தார். பட்டினியில் தொந்தரவு வர வேண்டும், அந்த நேரத்தில் இரத்தச் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் தெளிய வேண்டும். இன்றைக்கும் டாக்டர்கள் பார்ப்பது அதைத்தான். பால் கணக்கு நோட்டில் அந்த மூன்றில் இரண்டு இருந்தது!

நம் அம்மாவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே கண்காணிப்பில் பட்டினி வைத்து, சர்க்கரை இறங்கும் நேரத்தில் இன்சுலின் எவ்வளவு என்று பார்த்தார்கள். இந்தச் சோதனை 72 மணி நேரம் வரைகூடப் போகும். வீட்டில் நீங்களாகப் பட்டினி போட்டுப் பார்த்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. கொண்டைக்கடலை அளவுதான். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அதோடு மயக்கம் நின்றது. மாமியார் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேள்வி.

இன்சுலினோமாக்களில் பத்தில் ஒன்பது பரவாத கட்டிகள். எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆபரேஷனுக்கு முடியாதவர்களுக்கு மாத்திரையும் அடிக்கடி உணவும் உண்டு. இந்தக் குடும்பத்தின் மற்ற கட்டிகள் எல்லாம் இவ்வளவு சாது என்று சொல்ல மாட்டேன். ஈரலுக்குப் பரவுகிற வகைகள் உண்டு. பரவினாலும் பல கட்டிகள் மெதுவாகவே வளரும். மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை வெட்டி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அடையாளமும் வேறு வேறு. சிலருக்கு மாதக்கணக்கில் தண்ணீராகப் பேதி, முகமும் கழுத்தும் திடீர் திடீரெனச் சிவந்து காந்தல். சிலருக்கு எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்புண், கூடவே பேதி. "சூடு", "மாதவிடாய் நிற்கிற வயசு" என்று தள்ளிக்கொண்டே போகாமல் காட்டுங்கள். குடல்வால் ஆபரேஷன் ஆனவர்கள், எடுத்த சதையைப் பரிசோதித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் இந்த வகைச் சிறு கட்டி தற்செயலாகத் தெரிவது உண்டு.

பயம் வேண்டாம். காலையில் தலை சுற்றுகிற எல்லோருக்கும் கட்டி இல்லை. சர்க்கரை இறங்கிப்போவதற்குப் பொதுவான காரணம், சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான். சாராயம் குடித்துவிட்டுச் சோறு தின்னாமல் படுத்தாலும் இறங்கும். இன்னொரு பக்கம், ஒரு சொட்டும் தொடாத மனுஷன் விடியற்காலையில் தள்ளாடிக் குழறுவான். தெருவே குடிகாரன் என்று பட்டம் கட்டும். அவன் மனைவிக்குத்தான் உண்மை தெரியும். அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. பெரும்பாலும் பரம்பரையும் இல்லை. ஆனாலும் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்டு. வீட்டில் வேறு யாருக்காவது இப்படிக் கட்டியோ, திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல்லோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மயக்கம் வரும் நேரத்தில் விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தெளிந்ததும் சோறோ இட்லியோ கொடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவே இல்லை, வலிப்பு என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது காப்பீட்டு அட்டையும், பழைய சீட்டுகளும், எழுதிய நோட்டும் எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லலாம். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், சாப்பாட்டு நேரம் வரைக்கும் துணை சுகாதார நிலையத்தில்தான் இருப்பேன். புருஷன் பொஞ்சாதி இரண்டு பேருமாக வாருங்கள்.