பள்ளிகள் யார் பொறுப்பில்?



மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் சிலவற்றைத் தனியாரிடம் ஒப்படைக்கும் திட்டம் 2013-இல் எழுந்தபோது பெரும் விவாதம் மூண்டது.

மாணவர் தொகை குறைகிறது, கல்வித் தரம் உயர வேண்டும் என்றனர் ஒரு சாரார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மாநகராட்சியைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாக்குரிமை உண்டு. குறையிருப்பின் வார்டு அலுவலகத்தில் முறையிடலாம். தனியார் அமைப்பிடம் அவ்வுரிமை ஏது? பதினைந்து பிள்ளைகள் பயிலும் தமிழ் வகுப்பை அவர்கள் எத்துணைக் காலம் காப்பர்?

எனினும், பிள்ளைகளே இல்லாத வகுப்பை எந்த நிர்வாகமும் நிலைநிறுத்தாது. ஆகவே, சேர்க்கைக் காலத்தில் வீடுதோறும் சென்று பெற்றோரிடம் பேசுவோம். பள்ளி நம்முடையதாக நிலைக்க அதுவே வழி.

வாழ்க தமிழ்!