பெனினிலிருந்து ஏத்தாப்பூருக்கு வந்த குளவி

கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தை என்றதும் பலாவும் மலைவாழையும் மிளகும் காபியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இந்த மலையின் அண்மைக்கால வேளாண் வரலாற்றைப் புரிந்துகொள்ள மரவள்ளியைத்தான் பார்க்க வேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றை அது பிடித்துக்கொண்டது. இங்கே தோண்டும் கிழங்கு மலையிறங்கி சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நம்முடைய பல்கலைக்கழகங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் உள்ள உறவை இந்தக் கிழங்கை வைத்தே இன்று பேசப் போகிறேன். ஆப்பிரிக்காவுக்குப் படிப்பு, மருத்துவம், மென்பொருள் எல்லாம் நாம் கொடுக்கிறோம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கொடுத்திருக்கிறோம், உண்மைதான். வாங்கியதும் அதற்குக் குறைவில்லை. ஆப்பிரிக்க நாடுகளோடு தொழிலும் ஆட்சித்துறை ஒத்துழைப்பும் வளர்க்க நாம் எந்த ஆய்வு மையம் அமைத்தாலும், அங்கே கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற நினைப்பே அதற்கு அடித்தளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறமும் கெடும், வியாபாரமும் கெடும்.

1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மரவள்ளிச் செடிகளின் கொழுந்துகள் சுருண்டு கருகத் தொடங்கின. தென் அமெரிக்காவிலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்த மாவுப்பூச்சிதான் காரணம். ஆப்பிரிக்காவில் சுமார் 20 கோடிப் பேருக்கு மரவள்ளி அன்றாட உணவாக இருந்த காலம் அது. பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதாலும், அது குருத்துக்குள் ஒளிந்து வாழ்வதாலும், மருந்து தெளித்துப் பயனில்லை. தெளித்தால் அதை உண்ணும் நல்ல பூச்சிகள்தான் சாகும். நைஜீரியாவின் இபதான் நகரில் 1967-ல் தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானி தலைமையில் ஒரு குழு இதற்கு மாற்று தேடியது. அந்தப் பூச்சி பிறந்த மண்ணில் அதை அடக்கி வைத்திருப்பது எது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 1981-ல் பராகுவேயில் விடை கிடைத்தது: அனகைரஸ் லோபெசி என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். பொரித்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். அந்தக் குளவியை நைஜீரியாவிலும், பிறகு அண்டை நாடான பெனினில் அமைத்த உயிரியல் கட்டுப்பாட்டு மையத்திலும் பெருக்கி, ஏறத்தாழ 30 நாடுகளில் விட்டார்கள். ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2008-ல் தாய்லாந்தில் தலைகாட்டியபோது அந்த நாடும் பெனினுக்குத்தான் ஆள் அனுப்பியது. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்ட பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கும் வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021-ல் பெனினிலிருந்து குளவியைத் தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கியது. 2022 மார்ச் 7 அன்று, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. சேலத்து ஆலைகளும் நம் கிழங்கு விவசாயிகளும் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் கடன்பட்டது இப்படித்தான்.

இங்கே ஒருவர் மறுக்கலாம். இபதான் நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் பணம் கொடுத்தவை ஃபோர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகள். தலைமை விஞ்ஞானி ஐரோப்பியர். குளவியோ தென் அமெரிக்காவுடையது. இதை எப்படி ஆப்பிரிக்க அறிவு என்பது? நியாயமான கேள்வி. ஆனால் குளவியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. மொழியிலும் மண்ணிலும் மழையிலும் வேறுபட்ட 30 நாடுகளின் வயல்களில் அதை நிலைக்கச் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் குளவி வளர்க்கவும், எங்கே எப்போது விடுவது என்று கணிக்கவும், மருந்து தெளிக்காமல் காத்திருக்கும்படி விவசாயியை ஒப்புக்கொள்ள வைக்கவும் அந்தந்த நாட்டு ஆட்கள் பயிற்சி பெற்றார்கள். நாற்பது ஆண்டு அனுபவமும் உயிரோடு வளர்ந்து வரும் குளவிக் கூட்டமும் பெனினில் இருந்ததால்தான் நாம் அங்கே போனோம். அறிவு யார் பணத்தில் பிறந்தது என்று கேட்பதைவிட, அது யார் கையில் பழகி நிலைத்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

இது ஒற்றை நிகழ்வும் அல்ல. மரவள்ளியின் தேமல் நோயைத் தாங்கும் ஸ்ரீ பத்மநாபா ரகத்தை, திருவனந்தபுரத்தின் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு வரிசையைக் கொண்டு தமிழ்நாட்டுக்காக வெளியிட்டது. கேழ்வரகின் கதை இன்னும் பழையது. அதைப் பயிராக்கியவர்கள் எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரையிலான மேட்டு நிலத்து மக்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கர்நாடகத்தின் மண்டியா அருகே வி.சி. பண்ணையில் லட்சுமணய்யா என்ற ஆய்வாளர் இந்திய ராகியை ஆப்பிரிக்க ராகியோடு கலந்து ‘இண்டாஃப்’ ரகங்களை உருவாக்கினார். அந்த மாநிலத்தின் ராகி விளைச்சல் உயர்ந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த விதைகளைத் தேர்ந்து காத்துத் தந்த ஆப்பிரிக்க உழவர்களுக்கு இதற்காக யாரும் எதுவும் கொடுத்ததில்லை. பயன்பகிர்வு பற்றிய நகோயா நெறிமுறை வந்ததே 2010-ல்தான். இது நம் கணக்கில் நிற்கும் கடன் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, நம் நிறுவனங்கள் எந்த நினைப்பில் கட்டப்பட்டன? ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு நடந்த 1955-லேயே தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை தொடங்கியது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மையம் 1971-ல் வந்தது. வரலாறு, அரசியல், பொருளாதாரம் என்று நல்ல பணி செய்தவை இவை. ஆனால் ஏத்தாப்பூரில் குளவி விடுபவரும் தில்லியில் நைஜீரிய அரசியல் படிப்பவரும் ஒரே மேசையில் உட்கார வழி செய்யவில்லை. இன்னொரு பக்கம், 2004-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தென்னாப்பிரிக்காவில் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முன் ஒரு மின்வலையமைப்பை முன்மொழிந்தார். 2009-ல் அது இயங்கத் தொடங்கி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பாடங்களையும் மருத்துவர்களின் ஆலோசனையையும் செயற்கைக்கோள் வழியே கொண்டு சேர்த்தது. மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் பாடம் ஒரு திசையில்தான் ஓடியது. அங்கிருந்து இங்கே பாடம் நடத்த ஏற்பாடு இல்லை.

தொழில் உறவில் முதலீடும் ஒப்பந்தமும்தானே முக்கியம், பூச்சிக்கும் ராகிக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு எத்தியோப்பியாவின் கம்பெல்லா பகுதி பதில் சொல்லும். பெங்களூரின் கருதுரி குளோபல் நிறுவனம் அங்கே 1,00,000 ஹெக்டேர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. 2011-ல் பாரோ ஆற்று வெள்ளம் அதன் மக்காச்சோளத்தை அழித்தது. 2015-ன் இறுதியில், 1,200 ஹெக்டேர்தான் பண்படுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லி எத்தியோப்பிய அரசு குத்தகையை ரத்து செய்தது. அதே பகுதியில் அனுவாக் மக்களை இடம்பெயர்த்த அரசுத் திட்டத்தை மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. மூலதனமும் அரசின் ஆதரவும் இருந்தன. ஆறு எந்த மாதம் எவ்வளவு பரவும், அந்த நிலத்தை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற அறிவு திட்டத்துக்குள் வரவில்லை. ஒரு பல்கலைக்கழக மையம் தொழில்முனைவோருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்: உள்ளூர் ஆய்வாளரிடமும் உழவரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போடாதே என்று முன்கூட்டியே தடுப்பது.

கேட்டுத் தொடங்குவதன் பலனுக்குச் சான்று கொல்லிமலையிலேயே இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் சிறுதானியங்களைக் காக்க இங்கே வந்தது. விதையைத் தொம்பைகளில் சேர்த்து வைப்பதோடு நின்றிருந்தால் அது அருங்காட்சியக வேலையாகப் போயிருக்கும். சாமையை உரலில் குத்திக் குத்திப் பெண்களின் கை ஓய்ந்ததும் அந்தப் பயிர் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் என்பது அவர்களிடம் பேசியதால் புரிந்தது. ஊருக்குள் உமி நீக்கும் எந்திரம் வந்த பிறகே பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்தது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளரை எதிர்கொண்ட அனுபவம் உள்ள மலை இது. ஆப்பிரிக்காவுக்குப் போகும் நம் ஆய்வாளர் இங்கே சில மாதம் தங்கிப் பழகிவிட்டுப் போகலாம்.

இப்படிக் கேட்டுத் தொடங்க ஒரு வாய்ப்பு இப்போதே கையில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023 ஜூலையில் ஒப்பந்தமிட்டு அதே ஆண்டு தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. ஐ.ஐ.டி. ஒன்று வெளிநாட்டில் அமைத்த முதல் வளாகம் இது. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் முதல் பாடங்கள். இளநிலைப் படிப்புக்குத் தொடக்கத்தில் அறிவித்த கட்டணம் ஆண்டுக்கு 12,000 டாலர். மீனவர், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லாமல் இது எட்டாது. இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கும் மரவள்ளிக்கும் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது. இலையைக் கைபேசியில் படம் பிடித்தால் மரவள்ளி நோயைச் சொல்லும் ‘நுரு’ செயலியை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் இபதான் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, தான்சானியா வயல்களில் சோதித்தன. இணையம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். தான்சானியக் கடலோரத்திலும் சான்சிபாரிலும் மரவள்ளியை வாட்டும் பழுப்புக் கோட்டு நோய், கிழங்கையே உள்ளுக்குள் அழுகச் செய்வது. 1930-களிலேயே அங்கே அது விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது இன்னும் இல்லை. மாவுப்பூச்சியும் ஒரு காலத்தில் இங்கே இல்லாததுதான். அந்த நோயோடு தொண்ணூறு ஆண்டுகளாகப் போராடும் ஆய்வாளர்கள், நம் வளாகம் இருக்கும் அதே நாட்டில் இருக்கிறார்கள். ஏத்தாப்பூர் நிலையத்தையும் சான்சிபார் வளாகத்தையும் தான்சானியாவின் கிழங்கு ஆய்வாளர்களையும் இணைக்கும் ஒரு மையத்துக்குப் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை. அங்கிருந்து ஆண்டுதோறும் சிலரை ஆசிரியர்களாக இங்கே வரவழைக்கவும், அவர்கள் தரும் விதைக்கும் தரவுக்கும் உரிய பங்கை எழுத்தில் உறுதி செய்யவும் தமிழ்நாடு அரசு பணம் ஒதுக்கினால் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதைச் செய்யலாம்.